பின்னால் மூன்று அடி

ஓரகத்திகள் இரண்டு பேரும் பேசி ஐந்து மாதம் ஆகிறது. ஒரே வீட்டில் மேல்மாடியும் கீழ்மாடியுமாகக் குடியிருப்பவர்கள், ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருபவர்கள், ஒரே ஆய்வகத்தில் எட்டு மணி நேரம் நிற்பவர்கள். இத்தனைக்கும் நடுவில் பேசாமல் இருக்க ஒரு தனித் திறமை வேண்டும். அது இருவருக்கும் வேண்டிய மட்டும் இருந்தது.

மூத்தவள் அந்த ஆய்வகத்தின் பாதுகாப்பு மேற்பார்வையாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். எங்கே எதை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று தரையில் மஞ்சள் நாடா ஒட்டி எல்லை போடுவது அவள் வேலை. அந்த நாடாவை யாராவது காலால் தேய்த்தால்கூட அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளை ‘மஞ்சக்கோடு’ என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இளையவள் அவளுடைய கொழுந்தன் மனைவி, இயந்திரப் பொறியாளர். ஆலைகளில் புதிதாகச் சேருகிறவர்கள் நிஜ இயந்திரத்தைத் தொடும் முன்பே கை பழகட்டும் என்று ஒரு பயிற்சியை உருவாக்கியிருந்தாள். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் இருக்கிற அறை அப்படியே தெரியும். ஆனால் அந்த அறையின் நடுவே, இல்லாத ஒரு கம்ப்ரசர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதைச் சுற்றி நடக்கலாம், வால்வைத் திருகலாம், குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, ஒரு பெண் வெறும் காற்றைத் திருகிக்கொண்டு நிற்பதுதான் தெரியும். முதல்முறை பார்த்த வாட்ச்மேன், "அந்த மேடத்துக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று விசாரித்தாராம்.

வேடிக்கை இருக்கட்டும். அந்த இல்லாத இயந்திரம் தனக்குப் பின்னால் இருக்கும் நிஜப் பொருளை மறைத்துவிடும். போட்டிருப்பவரின் கண்ணும் மனசும் இயந்திரத்தின் மேலேயே இருக்கும், கால் எங்கே போகிறது என்று தெரியாது. இதுவோ பொது ஆய்வகம். நீளமான ஒரே கூடம். ஒரு பாதி இயந்திரக்காரர்களுக்கு, மறுபாதி ரசாயனக்காரர்களுக்கு. நடுவில் சுவர் கிடையாது, மஞ்சள் கோடு மட்டும்தான்.

அதனால் மூத்தவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஹெட்செட் போட்டவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் வெறுங்கண்ணோடு நிற்க வேண்டும். அவருக்குக் காவல் என்று பெயர். காவல் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: ‘இடது பக்கம் மேஜை இருக்கு, பின்னால நாலு அடி காலி’ என்று. காவல் இடத்தைவிட்டு நகர வேண்டுமானால், ‘நில், நான் போகிறேன்’ என்று சொல்லி, போட்டவர் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகுதான் நகரலாம்.

ஐந்து மாதத்துக்கு முன் இளையவள் ஏதோ அவசரத்தில், காவல் இல்லாமல் பத்து நிமிடம் ஹெட்செட் போட்டாள். மூத்தவள் அதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே போய் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தன் மேஜைக்குப் போய், சம்பவப் பதிவேட்டைத் திறந்து, தேதி, நேரம், பெயர் எல்லாம் மணிமணியான கையெழுத்தில் எழுதிவைத்தாள். சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள். இளையவள் வழக்கம்போல லொடலொடவென்று பேசிக்கொண்டு வந்தாள். நடுவில் மூத்தவள் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்கவும் செய்தாள். மறுநாள் காலைக் கூட்டத்தில் துறைத்தலைவர் பதிவேட்டை எல்லோர் முன்னாலும் படித்தார். மூன்று மாதம் ஹெட்செட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று.

"எழுதினது தப்புன்னு நான் சொல்லல," என்றாள் இளையவள், கூட்டம் கலைந்த பிறகு. "பஸ்ல முக்கால் மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து வந்தீங்களே. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மூத்தவள் "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னாள். அதோடு முடிந்தது. அதுவரை வாய்க்கு வாய் ‘அக்கா’ என்றவள் மறுநாளிலிருந்து ‘மேடம்’ என்று ஆரம்பித்தாள், அதுவும் வேலை விஷயமாக இருந்தால் மட்டும். அந்த ஒரு சொல் மூத்தவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, நமக்கேன் வம்பு என்று டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

தடைக்காலம் முடிந்ததும் இளையவளுக்குக் காவல் நிற்க ஆள் வேண்டியிருந்தது. துறைத்தலைவர் மூத்தவளையே போட்டார். பேசாத இரண்டு பேர், பேசிக்கொண்டே இருக்க வேண்டிய வேலையை எப்படிச் செய்வது? இளையவள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மூத்தவள் மேஜையில் வைத்தாள். ‘தோளில் ஒரு தட்டு: நில். இரண்டு தட்டு: திரும்பு. தட்டு இல்லையென்றால் வழி காலி.’ மூத்தவள் அதன் கீழே ‘சரி’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். தான் போட்ட சட்டத்தைத் தானே மென்று முழுங்கினாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றியிருப்பாள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு இறுதிச் சோதனை. இளையவளே ஹெட்செட் போட்டுக்கொண்டு பயிற்சியின் நாற்பது படிகளையும் முடித்துக் காட்ட வேண்டும். துறைத்தலைவர் பக்கத்து அறையில், ஹெட்செட்டில் தெரிவதைத் திரையில் பார்ப்பார். தேறினால் பயிற்சி ஆலைகளுக்குப் போகும், அவள் வேலையும் நிரந்தரமாகும். பதிவேட்டில் இன்னொரு முறை அவள் பெயர் வந்தால் வேலையே போய்விடும். இது மூத்தவளுக்கும் தெரியும். காலையிலேயே வந்து, ஹெட்செட் நடக்கும் இடத்தை இரண்டு முறை பெருக்கி, நாடாவெல்லாம் புதிதாக ஒட்டி வைத்திருந்தாள். யாருக்காக என்று கேட்டால் சட்டத்துக்காக என்றிருப்பாள்.

அந்தப் பயிற்சியில் ஒரு குரல் வரும். ‘முதல் வால்வை மூடுங்க’, ‘டயலைப் பாருங்க’ என்று ஒவ்வொரு படியாகச் சொல்லும். அது மூத்தவளின் குரல். இரண்டு பேரும் நன்றாக இருந்த காலத்தில், எதிரொலி வராமல் இருக்க ஒரு கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு வீட்டிலேயே பதிவு செய்தது. "சிரிக்காதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு இளையவளே சிரித்து, பதினேழு தடவை கெடுத்தாள். "அடி பொட்டலம், நீ முதல்ல வெளிய போ, நான் தனியா பேசிக்கறேன்" என்று மூத்தவள் அவளைக் கம்பளியை விட்டுத் தள்ளினாள். பொட்டலம் என்பது வீட்டுப் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் தலை முதல் கால்வரை இழுத்துப் போர்த்திச் சுருண்டு தூங்குவாள். ‘நம்ம வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கு’ என்று மூத்தவள் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். ஐந்து மாதமாக அவளும் கூப்பிடவில்லை.

அதே குரல், பயிற்சியின் நடுவில் எதிர்பாராத இடத்தில் ‘நில்லுங்க! ஆபத்து!’ என்று கத்தவும் செய்யும். அது ஒத்திகை. எப்போது வரும் என்று பயிற்சியை எழுதிய இளையவளுக்கே தெரியாது. கேட்டவுடன் கையிலிருக்கும் வால்வை மூடிவிட்டு, திரும்பாமல், இயந்திரத்தின் மேல் கண் வைத்தபடி பின்னால் மூன்று அடி போக வேண்டும். ஆலையில் பதறித் திரும்பி ஓடுகிறவர்கள்தான் இடறி விழுகிறார்கள். அதனால் யோசிக்காமல் செய்கிற அளவுக்கு அது உடம்பில் ஏற வேண்டும் என்பது இளையவளின் கொள்கை. அவள் உடம்பில் அது ஏறியிருந்தது.

சோதனை தொடங்கி அரைமணி நேரம் ஆயிற்று. இளையவள் முப்பத்திரண்டாவது படியில் இருந்தாள். ஒரு பிசகு இல்லை. மூத்தவள் இரண்டு அடி தள்ளி அவள் தோளுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஒரு தட்டுகூடத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் கூடத்தின் நடுக்கோட்டருகே அவள் கண்ணில் அது பட்டது. ரசாயனப் பகுதியின் தொட்டிக்குழாய் மத்தியானத்திலிருந்தே அடைத்துக்கொண்டு, தரையெல்லாம் தண்ணீர். அங்கே வேலை செய்யும் அமிலக்காரர் தங்கமான மனிதர். மறதி மட்டும் மூட்டை மூட்டையாக. அவருடைய அமிலப் பாட்டில் ஒன்று மூடியில்லாமல் தரையில் நின்றது. அதுவும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் உள்ளே.

மூத்தவளுக்குத் தலை கொதித்தது. போய்க் கிழித்துவிட்டு வர வேண்டும். அதற்கு முன் இளையவளை நிறுத்த வேண்டும். தோளில் ஒரு தட்டு தட்டலாம். தட்டினால் அவள் ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு ‘என்ன மேடம்?’ என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். ஐந்து மாதமாகக் காப்பாற்றி வந்த மௌனத்தை ஒரு பாட்டில் மூடிக்காக உடைப்பதா என்று நினைத்தாள். வீம்பு, வேறொன்றுமில்லை. இரண்டு நிமிடம்தானே என்று, செருப்புச் சத்தம் கேட்காமல் மெல்ல நழுவினாள்.

நேராக அமிலக்காரரிடம் போயிருந்தாலும் பரவாயில்லை. திட்டுவதோடு சரியும் செய்துவிட்டு வருவதுதான் அவள் வழக்கம். சாமான் அறைக்குள் நுழைந்து, ஒரு மூடியைத் தேடி, மஞ்சள் நாடா உருளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வர ஒன்றரை நிமிடம் பிடித்தது. அலமாரி வரிசையைச் சுற்றிக்கொண்டு அமிலக்காரர் முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு கையாலும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜாடி நிறைய அமிலம்.

"இது என்ன சார், வீட்டுக் கொல்லையா? கோடு எதுக்குப் போட்டிருக்கு, அழகுக்கா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. தண்ணி பெருகிடுச்சு. எதை எங்க வைக்கறதுன்னே தெரியல. அதான் ஊறப்போட்ட தொட்டியைக்கூட இப்பத்தான் தள்ளுவண்டியோட அந்தப் பக்கம் தள்ளிட்டேன்."

"எந்தப் பக்கம்?"

கை காலியாக இல்லாததால் அவர் மோவாயால் காட்டினார். "அங்கதான். காலியாத்தானே இருந்துச்சு."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கண்ணுக்கு அது காலி இடம்தான். அங்கே ஒரு கம்ப்ரசர் நிற்பது இளையவளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பெருக்கி வைத்த அந்த இடத்தில், இளையவளின் முதுகுக்குப் பின்னால், முழங்கால் உயரத் தள்ளுவண்டி நின்றது. அதன் மேல் கண்ணாடிச் சாமான்களை ஊறவைக்கும் அகலமான தொட்டி. மூடி இல்லை. இரண்டு வாளி அமிலம் இருக்கும். பின்னாலேயே போகிற ஒருத்தி அதில் காலிடித்தால், முழங்கால் மடிந்து அப்படியே அதற்குள் உட்கார வேண்டியதுதான். இளையவளுக்கும் அதற்கும் நடுவில் சரியாக மூன்று அடி இருந்தது.

இளையவள் இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறாவது படி. மூத்தவளுக்கு மனப்பாடம், அவளே சொன்னதுதானே: ‘பெரிய வால்வை ஆறு சுற்று சுற்றி மூடுங்க.’ அடுத்தது முப்பத்தேழு: ‘நாலு அடி பின்னால போய் மேல் டயலைப் படிங்க.’ ஆறு சுற்று முடிந்தால் அவள் பின்னால் நடப்பாள். தோளில் தட்டு விழவில்லை. அவளைப் பொறுத்தவரை வழி காலி.

இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவள் ஓடினாள். முதல் அடியிலேயே ஈரத்தில் கால் வழுக்கி, மேஜை விளிம்பில் இடுப்பு இடித்து நின்றாள். நடுவில் இரண்டு மேஜை வரிசை, முப்பது அடி, தரை முழுக்கத் தண்ணீர். போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது சுற்று.

சுவரில் விளக்கு சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் ஹெட்செட்டின் கேமராவுக்குக் கண் தெரியாது, இயந்திரம் மறைந்துபோகும், அவள் நின்றுவிடுவாள். கையை சுவிட்ச்சில் வைத்தாள். வைத்த கையோடு அமிலக்காரரைப் பார்த்தாள். ஈரத் தரையில், மார்போடு அணைத்த ஜாடியோடு, என்ன நடக்கிறதென்று புரியாமல் அவர் ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இருட்டில் அவர் சறுக்கினால்? ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருவரை முகத்தோடு பொசுக்குவதா? கையை எடுத்துவிட்டாள். நான்காவது சுற்று.

"நில்லுங்க!" என்று கத்தினாள். "ஆபத்து! நில்லுங்க!"

கூடம் அதிர்ந்தது. இளையவள் கை ஒரு கணம் நின்றது. அப்பாடா என்று மூத்தவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த கணம் இளையவள் மீதிச் சுற்றைப் பரபரவென்று சுற்றி வால்வை மூடினாள். திரும்பவில்லை. முகத்தை நேரே வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பின்னால் ஒரு அடி வைத்தாள்.

மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெட்செட்டின் ஒலிபெருக்கி காதுக்கு மேலே இருக்கும், காதை அடைக்காது. ஆலையின் இரைச்சலும் குரலும் அதிலிருந்து வர, வெளியிலிருந்து வரும் சத்தமும் அதோடு சேர்ந்தே கேட்கும். அவள் கேட்டது மூத்தவளின் குரலைத்தான். அதே குரல், அதே வார்த்தை, அதே மரியாதை. ஒத்திகை என்று நினைத்துவிட்டாள். அக்கா பேச மாட்டாள், பேசுவது மெஷின்தான். ஐந்து மாதத்தில் அவள் கேட்ட அக்கா குரலெல்லாம் அதற்குள்ளிருந்து வந்ததுதானே.

இரண்டாவது அடி வைத்தாள்.

இன்னும் எதைக் கத்துவது? ‘நிறுத்துங்க’ அதற்குள் இருக்கிறது. ‘கவனம்’ இருக்கிறது. ‘பின்னால பாருங்க’ கூட இருக்கிறது, ஆலை இரைச்சலோடு சேர்த்து. ஆபத்துக்கு உதவுகிற வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, கம்பளிக்குள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அவளே மெஷினுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். இளையவளின் வலது கால் மூன்றாவது அடிக்குத் தரையைவிட்டுக் கிளம்பியது.

"அடியே பொட்டலம்!"

தொண்டை கிழியக் கத்தினாள். கூப்பிட வேண்டும் என்று யோசித்துக் கூப்பிட்டதில்லை. வயிற்றிலிருந்து தானாக வந்தது.

"பொட்டலம்! அசையாதடி! அசைஞ்சே, கொன்னுடுவேன்! பின்னால அமிலம்டி!"

இளையவள் கால் அந்தரத்தில் நின்றது. ஒற்றைக் காலில், கையிரண்டையும் விரித்துக்கொண்டு, சிலையாக நின்றாள்.

"அக்கா?" என்றாள். "அக்கா, நீங்களா?"

"நான்தான். மெஷின் இல்ல, நான்தான். ஹெட்செட்ல கை வைக்காத, தடுமாறிடுவே. தூக்கின காலை மெதுவா முன்னால வை. முன்னால. ஆங். அப்படியே இன்னொரு காலையும். நான் வந்துட்டே இருக்கேன், தரையெல்லாம் ஈரம், அதான் மெதுவா வரேன். இப்ப ரெண்டாவது மேஜைகிட்ட இருக்கேன். இன்னும் ஒரு அடி முன்னால போ. உன் முன்னால ஒண்ணுமே இல்ல, அந்தப் பாழாப்போன கம்ப்ரசரெல்லாம் பொய், அதுக்குள்ளயே நடந்து போ. நான் பக்கத்துல வந்துட்டேன். உன் வலது பக்கம் இருக்கேன். இப்ப தோளைத் தொடப்போறேன், பயந்துடாத."

காவல் எப்படிப் பேச வேண்டும் என்று அவள் எழுதிவைத்த சட்டப்படி, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்து, தோளைத் தொட்டு, ஹெட்செட்டைத் தூக்கினாள். இளையவள் திரும்பிப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். அதற்குள் ஊறிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழல்களைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போயிருந்தீங்க?"

மூத்தவள் கையில் இன்னும் அந்த நாடா உருளையும் பாட்டில் மூடியும் இருந்தன. அவற்றைக் காட்டினாள்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?" இளையவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. "தட்டு இல்லேன்னா வழி காலின்னு எழுதி வச்சிருந்தேனே. உங்களை நம்பித்தானே பின்னால பாக்காம போனேன்?"

மூத்தவள் அவள் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தாள். "சொன்னா உன்கூட பேச வேண்டி வரும்னு போயிட்டேன்" என்றாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். அந்தப் பக்கம் அமிலக்காரர் ஜாடியை எப்படியோ மேஜைமேல் வைத்துவிட்டு, "காலின்னு நெனச்சேன், காலின்னு நெனச்சேன்" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு நின்றார்.

துறைத்தலைவர் அரக்கப்பரக்க உள்ளே வந்தார். திரையில் படி முப்பத்தேழோடு நின்றுபோனதும், யாரோ ‘பொட்டலம்’ என்று அலறியதும்தான் அவருக்குத் தெரியும். நடந்ததைக் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? அது போதும். பதிவேட்டுல ஏத்த வேண்டாம். ஏத்தினா ஹெட்செட் போட்டவங்க யாருன்னும் எழுதணும். இந்தப் பொண்ணு பேர் ரெண்டாவது தடவை வரும். என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வண்டியைத் தள்ளிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் மூத்தவளுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பத்தில் சந்தேகமே வந்ததில்லை. பதிவேட்டைத் திறப்பாள், எழுதுவாள், முடிந்தது. இன்று மேஜைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தாள். ஆனால் திறக்கவில்லை. அதைக் கொண்டுவந்து இளையவள் முன்னால் வைத்தாள்.

"எழுதறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்றேன்," என்றாள். "இதை எழுதணும்னு எனக்குத் தோணுது. தப்பு என்னோடதுன்னுதான் எழுதுவேன். ஆனா உன் பேரும் வரும். நீ வேண்டாம்னா எழுதல. சத்தியமா எழுத மாட்டேன். நீ சொல்லு."

இளையவள் மூக்கை உறிஞ்சினாள். பதிவேட்டையும் பார்த்தாள், தள்ளுவண்டியையும் பார்த்தாள். நாளைக்கு அந்த ஹெட்செட்டை வேறு யாரோ போடுவார்கள், வேறு யாரோ காவல் நிற்பார்கள்.

"எழுதுங்க" என்றாள்.

மூத்தவள் தேதி போட்டாள், நேரம் போட்டாள். காவல் நின்றவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். மணிமணியான கையெழுத்து இன்று கோணல்மாணலாகப் போயிற்று. காரணம் என்ற இடத்தில், ‘காவல், சொல்லாமல் இடத்தைவிட்டுப் போனது’ என்று எழுதி நிறுத்தினாள்.

"ஏன் சொல்லலன்னு எழுதலையே," என்றாள் இளையவள்.

மூத்தவள் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, ‘போட்டவருக்கும் காவலுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால்’ என்று சேர்த்தாள். இளையவள் பேனாவைப் பிடுங்கி, அதன் கீழே, ‘தோளில் தட்டும் யோசனை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு, இந்த மாதிரி ஒரு காரணத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். நாளைக் காலைக் கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு, பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அமிலக்காரர் வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டினார்.

சாயங்காலம் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. நாளைக்கு ஒருத்தியின் வேலை இருக்குமா, இன்னொருத்தியின் பதவி இருக்குமா என்று இருவருக்கும் தெரியாது. ஏறி உட்கார்ந்ததிலிருந்து இளையவள் திட்ட ஆரம்பித்தாள். இன்றைக்கு விட்டுப் போனதற்குத் திட்டினாள், ஐந்து மாதத்துக்கு முன்னால் பஸ்ஸில் சொல்லாமல் விட்டதற்குத் திட்டினாள், எல்லோர் முன்னாலும் பொட்டலம் என்று கூப்பிட்டதற்குத் திட்டினாள். நாளையிலிருந்து ஆய்வகம் முழுக்க அப்படித்தான் கூப்பிடப்போகிறது என்று சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மேலும் திட்டினாள்.

"அந்தக் குரலை மாத்தணும்," என்றாள் நடுவில். "வேற யாரையாவது பேச வைக்கணும். உங்க குரல் மெஷினுக்குள்ள இருக்கக் கூடாது. எனக்கு அது வெளிய வேணும்."

"சரி," என்றாள் மூத்தவள்.

"சரின்னு ஒரு வார்த்தையில முடிக்காதீங்க. அஞ்சு மாசம் பாக்கி இருக்கு."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இளையவள் இன்னும் முடிக்கவில்லை. மூத்தவள் எழுந்திருக்காமல், "நீ சொல்லு" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பேசிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.